ஐரோப்பாவைப் படிக்கப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய எக்செல் தாள் வந்து சேர்ந்தது. மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியவியல் இளங்கலைக்கு இடம் கிடைத்த வேகத்தில், மூன்றாண்டுக்கான ஆறு பருவத்தையும் நிரப்பி வைத்திருக்கிறாய். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. உன் அம்மா போனில் பெருமையாகச் சொன்னாள். எனக்கும் பெருமைதான், கூடவே கொஞ்சம் கவலை. இந்தப் படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள் நம் பக்கத்தில் இன்னும் சிலர் இருப்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

தாளில் பாதி பிரஸ்ஸல்ஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்கள், கொள்கை வகுப்பு, ஒருங்கிணைப்புக் கோட்பாடுகள், அதற்கு மேல் இன்னொரு முறை ஒருங்கிணைப்புக் கோட்பாடுகள். மறுபாதியில் சினிமா, அடையாளம், புலம்பெயர்வு, பருவநிலை, ஊடகம் என்று பந்தியில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வாங்கியது போல. ஐரோப்பியவியலில் இருக்கும் ஆபத்தே இதுதான். வரலாறு, சட்டம், அரசியல், பொருளாதாரம் என்று நாலு துறையிலிருந்து கடன் வாங்கி நிற்கும் படிப்பு இது. தனக்கென்று சொந்த முறை கிடையாது. நாலிலும் அரைகுறையாக வெளியே வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போன இடத்தில் சட்டம் படித்தவன் சட்டத்தைப் பேசுவான், பொருளாதாரம் படித்தவள் எண்களைப் பேசுவாள். இவர்கள் மட்டும் "ஐரோப்பா என்பது பல அடுக்குகள் கொண்டது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் கணக்கைப் பார். மொத்தம் 180 கிரெடிட், ஆண்டுக்கு 60. நெதர்லாந்தில் ஒரு கிரெடிட் என்றால் 28 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 1,680 மணி; வாரம் 40 மணி வீதம் 42 வாரம். இது வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமல்ல, வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தது. நீயோ பருவத்துக்கு ஒரு கூடுதல் பாடம் போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. முதலாண்டில் குறிப்பிட்ட அளவு கிரெடிட் தேறாவிட்டால் படிப்பைத் தொடர விடமாட்டார்கள். நீ இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவள் என்பதால் ஆண்டுதோறும் பாதி கிரெடிட்டாவது எடுத்தால்தான் தங்கும் அனுமதியும் நிலைக்கும். மதிப்பெண்ணைப் பார்த்தும் பயப்படாதே. அங்கே பத்துக்கு எட்டு என்பது மிக நல்ல மதிப்பெண். பத்துக்குப் பத்து யாருக்கும் எளிதில் விழாது. நம் ஊர்க் கணக்கில் எட்டை எண்பது சதவீதம் என்று எடுத்துக்கொண்டு அம்மாவிடம் அழாதே.

மாஸ்ட்ரிக்டில் பாடம் நடக்கும் விதம் உனக்குப் புதிதாக இருக்கும். விரிவுரை குறைவு. ஒரு டஜன் மாணவர்கள் வட்டமாக உட்கார, முன்னே ஒரு சிக்கலை வைப்பார்கள். அதிலிருந்து கேள்விகளைப் பிரித்தெடுத்து, போய் வாசித்து, அடுத்த சந்திப்பில் திரும்பி வந்து பேச வேண்டும். கூட்டத்தை மாணவர்களே முறைவைத்து நடத்துவார்கள். ஆசிரியர் பெரும்பாலும் ஓரமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். நம் பள்ளிகளில் வளர்ந்த பிள்ளைகள் இங்கேதான் முதல் பருவத்தில் வாயடைத்துப் போகிறார்கள். நடத்தும் முறை உனக்கு வரும்வரை காத்திருக்காமல் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிக்கொள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்காரும் ஜெர்மன் பிள்ளைக்கும் இத்தாலியப் பிள்ளைக்கும் அது தாய்மொழி இல்லை.

முதல் இரண்டாண்டில் பெரும்பகுதி கட்டாயப் பாடங்கள். உன் கையில் இருப்பவை சிலதான்: எந்த மொழி, எந்தத் துறையில் ஆழம், வெளிநாட்டுப் பருவம் எங்கே, கடைசியில் எழுதும் தீசிஸ் எதைப் பற்றி. திட்டமிடுவதென்றால் இவற்றைத் திட்டமிடு. அதைத் தலைப்புகளை வைத்துச் செய்யாதே. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்வி எந்தப் பாடத்தைக் கேட்கிறது என்று பார்.

உனக்கு வாய்த்த கேள்வி ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. உன் அப்பா வேலை பார்க்கும் தோல் ஷெட்டில் பெண்டாகுளோரோபீனால் என்ற பெயரைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பாய். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்டது. 1989 இறுதியில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. பாலாற்றங்கரைத் தோல் தொழிலுக்கு ஜெர்மனி பெரிய சந்தை. சரக்கு திரும்பி வருமோ என்று தொழிலே ஆடிப்போனது. 1994இல் சில அசோ சாயங்களுக்கு அதே ஜெர்மனி தடை போட்டது. அது ஒன்றியம் முழுவதற்குமான விதியாக மாற 2002 ஆனது. பிறகு தோலில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியம்: 2010இல் ஜெர்மனி தனக்கென வரம்பு வைத்தது, டென்மார்க் முன்மொழிந்து, ஒன்றிய விதியாகி, 2015 மே 1 முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று எல்லா நாட்டுக்கும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நாடு முந்திக்கொள்கிறது, பிரஸ்ஸல்ஸ் பின்னால் வருகிறது, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் டிரம்மில் போடும் கெமிக்கல் மாறுகிறது.

ஒரு நாட்டுக்குள் போட்ட தடை எப்படி எல்லா நாட்டுக்கும் விதியாகிறது, அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நட, எந்தப் பாடம் வேண்டும் என்று அதுவே சொல்லும். தனியாக ஒரு நாடு தடை போட்டால் பொதுச் சந்தை என்னாகும் என்று கேட்டால் சட்டம் வந்துவிடும். பிரான்சில் முறையாக விற்கும் கேசிஸ் மதுவைச் சாராய அளவு போதவில்லை என்று ஜெர்மனி தடுத்தது; அது செல்லாது என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1979இல் தீர்ப்புச் சொன்னது. வரம்பு வைக்கச் சொன்னது யார், எதிர்த்தது யார் என்றால் அரசியல். சின்ன ஷெட்டுகள் மூடினவா, பெரியவை தழைத்தனவா என்றால் பொருளாதாரம். இன்னொன்றும் உண்டு. நீ படிக்கப் போகும் ஊரில், மாஸ் ஆற்றங்கரையில் உள்ள மாகாண அரசுக் கட்டடத்தில், 1992 பிப்ரவரி 7 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் பிரிவில், முழு நிரூபணம் வரும்வரை காத்திராமல் கேட்டைத் தடுக்கச் சொல்லும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இடம்பெற்றது. 1996 ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றம் வேலூர் பகுதித் தோல் ஷெட்டுகளின் கழிவு வழக்கில் அதே கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்ததென்று அவசரப்பட்டு எழுதிவிடாதே. 1992 ரியோ மாநாட்டுப் பிரகடனத்திலும் அது இருக்கிறது. அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது என்று தேடுவதே ஒரு தீசிஸுக்குப் போதும். தோல் ஷெட் முதலாளியிடமும் தொழிலாளியிடமும் தமிழில் பேசி, அதே கையோடு ஜெர்மன் அரசிதழையும் வாசிக்கக்கூடிய மாணவர் உன் வகுப்பில் வேறு யாரும் இருக்கப் போவதில்லை.

இந்தக் கேள்விதான் வேண்டுமென்று கட்டாயமில்லை. இரண்டாம் ஆண்டில் போலந்து விவசாயிகளைப் பற்றி ஆர்வம் வந்தால் அப்படியே போ. கேள்வி ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டப் பாடத்தை நீ கடைசி ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறாய். முன்னால் கொண்டு வா. பாடப்புத்தகத்தைவிட மூலத் தீர்ப்புகளை வாசி. பழையவை குறுகியவை, கதை போலவே இருக்கும். மேற்கு ஜெர்மனியிலிருந்து யூரியா ஃபார்மால்டிஹைடு இறக்கிய டச்சுப் போக்குவரத்து நிறுவனம் வான் கெண்ட் என் லூஸ், 3 சதவீதமாக இருந்த சுங்கம் 8 ஆனதை எதிர்த்து வழக்குப் போட்டது. அதில்தான் 1963இல், ஒப்பந்தம் தனி மனிதருக்கும் நேரடியாக உரிமை தருகிறது என்றானது. மறு ஆண்டு, மிலானில் கோஸ்டா என்ற வழக்கறிஞர் 2,000 லிராவுக்கும் குறைவான கரண்ட் பில்லைக் கட்ட மறுத்த விவகாரத்தில், ஒன்றியச் சட்டம் நாட்டுச் சட்டத்துக்கு மேல் என்றானது. ஐரோப்பாவைக் கட்டியவர்கள் என்று மோனேயையும் ஷூமானையும் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் பாடங்களுக்கு இந்த இரண்டு வழக்கும் நல்ல மாற்று.

கோட்பாட்டுப் பாடம் ஒன்று போதும், இரண்டாவதை வெட்டிவிடு. ஒரு துறையில் ஒத்துழைத்தால் அது அடுத்த துறைக்கும் பரவும் என்று எர்ன்ஸ்ட் ஹாஸ் 1958இல் எழுதினார். அப்படியில்லை, போரில் நொறுங்கிய தேசிய அரசுகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒன்றுசேர்ந்தன என்று ஆலன் மில்வர்ட் 1992இல் எழுதினார். இருவரையும் எதிரெதிரே வைத்து வாசித்தால் அந்தப் பாடத்தின் சாரம் கிடைத்துவிடும். என் கட்சி மில்வர்ட் பக்கம். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, நிலக்கரியையும் மாட்டிறைச்சியையும் எண்ணிப் பார்த்து எழுதியவர் அவர்.

வெட்டிய இடத்தில் வரலாறு போடு, அதுவும் பிரஸ்ஸல்ஸுக்கு வெளியே உள்ள வரலாறு. 1957 ரோம் ஒப்பந்தத்தில் அல்ஜீரியா பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. அன்று அது பிரான்சின் பகுதி. அல்ஜீரியா 1962இல் விடுதலையானது. புதுச்சேரியை 1954இலேயே இந்தியாவின் நிர்வாகத்துக்கு விட்டுவிட்ட பிரான்ஸ், சட்டப்படி முழுதாகக் கைமாற்றியதும் அதே 1962இல்தான். ஐரோப்பாவின் எல்லை எது என்று வகுப்பில் பேச்சு வரும்போது இதை எடுத்துப் போடு. யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

புள்ளியியலைத் தாளில் தேடினேன். கட்டாயமான அளவைத் தாண்டி ஒன்றும் இல்லை. கணக்கு பிடிக்காமல்தானே இந்தப் பக்கம் வந்தாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு விருப்பப் பாடத்தை அதற்குக் கொடு. யூரோஸ்டாட் தரவு யாருக்கும் இலவசம். அதை இறக்கி, சுத்தம் செய்து, ஒரு அட்டவணையாக்கி, அது எதைச் சொல்லவில்லை என்றும் சொல்லத் தெரிந்தால் அந்தத் திறமை எந்த அலுவலகத்திலும் விலை போகும். அடையாளம் பற்றிய மூன்று பாடத்தில் இரண்டை இதற்காக விடலாம்.

வேலையைப் பற்றி உன் அம்மா கேட்டாள், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்றிய நிறுவனங்களில் நிரந்தர அதிகாரியாகத் தேர்வெழுத உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். உனக்கு இப்போதைக்கு அந்தக் கதவு இல்லை. ஐரோப்பிய ஆணையத்தின் 5 மாதப் பயிற்சி வேலைக்குப் பட்டம் முடித்த வெளிநாட்டினரையும் எடுக்கிறார்கள், ஆனால் சில இடங்களுக்கே. எனவே பிரஸ்ஸல்ஸ் அதிகாரியாவதை மனதில் வைத்துப் பாடம் எடுக்காதே. ஏற்றுமதி விதிகள், கெமிக்கல் கட்டுப்பாடு, கார்பன் வரி போன்றவற்றை இரு பக்கமும் புரிந்து பேசக்கூடியவர்களைத் தேடும் கம்பெனிகளும் வணிக அமைப்புகளும் இருக்கின்றன. படிப்பு முடிந்தபின் வேலை தேட நெதர்லாந்து ஓராண்டு தருகிறது. படிக்கும்போது வாரம் 16 மணி நேரம் வேலை பார்க்கலாம், அதற்கும் முதலாளி அனுமதி எடுத்துத் தர வேண்டும்.

வெளிநாட்டுப் பருவத்துக்குப் பாரிஸ் என்று எழுதியிருக்கிறாய். பாரிஸை ஒரு லீவில் பார்த்துக்கொள்ளலாம். போலந்தின் கிராகோவுக்கோ எஸ்தோனியாவின் டார்ட்டுவுக்கோ போ. 2004 மே 1 அன்று ஒன்றாகச் சேர்ந்த பத்து நாடுகளில் எட்டு, 1989-91 வரை சோவியத் பிடியிலோ கம்யூனிஸ்ட் ஆட்சியிலோ இருந்தவை. மேற்கே உட்கார்ந்து படித்தால் ஒன்றியம் ஒரு சந்தையாகத் தெரியும்; எஸ்தோனியாவில் ஒரு குளிர்காலம் இருந்தால் அது ஒரு பாதுகாப்பாகத் தெரியும். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இந்த வித்தியாசம் தெரியாமல் ஐரோப்பாவைப் பற்றி எழுதுவது வீண்.

கடைசியாக மொழி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. தாளில் பிரெஞ்சு ஒரு பருவம், ஜெர்மன் ஒரு பருவம், ஸ்பானிஷ் ஒரு பருவம் என்று போட்டிருப்பதை அழித்துவிடு. ஒரே மொழி, ஆறு பருவமும். நீதிமன்றமும் சட்டமும் பிடித்துப் போனால் பிரெஞ்சு. லக்சம்பர்க் நீதிமன்றத்தின் உள்வேலை அந்த மொழியில்தான் நடக்கிறது. தோல் விவகாரத்தைத் தொடர்வதானால் ஜெர்மன்தான், யோசிக்கவே வேண்டாம். மாஸ்ட்ரிக்டிலிருந்து ஆகன் நகரம் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர், லியேஜ் தெற்கே ஏறக்குறைய அதே தூரம். ஒன்றில் ஜெர்மன், மற்றதில் பிரெஞ்சு. வகுப்பில் படித்ததைச் சனிக்கிழமை சந்தையில் பேசிப் பார்க்கலாம். டச்சு வீட்டு வாடகைக்கும் கடைக்கும் தேவைப்படும் அளவு தானாக வரும், அதைக் கிரெடிட் கணக்கில் சேர்க்காதே. மொழி வகுப்பில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு திறந்த அன்றே பெயர் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
மாமா