ஸ்டேபிள் கொயினில் காசு வாங்கலாமா?

மாணிக்கக் கல், கறுவா, ஆடை என்று இணையத்தில் விற்கும் நமது வியாபாரிகள் சிலரிடம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இப்போது கேட்கும் கேள்வி இது: "யுஎஸ்டிடியில் அனுப்பட்டுமா?" சில நிமிடங்களில் வந்துவிடும், வங்கிக்காரனுக்கு அழவேண்டியதில்லை என்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வந்து சேர்வது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிட்கொயின் போல ஏறி இறங்காமல், ஒரு கொயின் ஒரு அமெரிக்க டொலர் என்ற பெறுமதியில் நிற்குமாறு அமைக்கப்பட்டதே ஸ்டேபிள் கொயின். 2014இல் வந்த டெதர் கம்பனியின் யுஎஸ்டிடியும், 2018இல் வந்த சேர்க்கிள் கம்பனியின் யுஎஸ்டிசியும் அதிகம் புழங்குபவை. கொயினுக்காகப் பெற்ற டொலரை இக்கம்பனிகள் பெரும்பாலும் அமெரிக்க அரசின் திறைசேரி உண்டியல்களிலும், ஒரு பகுதியை வங்கிகளிலும் வைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் கைக்கு வருவது டொலர் அல்ல, டொலர் தருவதாக ஒரு கம்பனி எழுதிய சீட்டு. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வெலி வங்கி வீழ்ந்தபோது, சேர்க்கிளின் 330 கோடி டொலர் அங்கே அகப்பட்டது. யுஎஸ்டிசி 90 சதத்துக்கும் கீழே இறங்கி, சில நாட்களில்தான் மீண்டது. 2022 மே மாதத்தில் விழுந்த டெரா யுஎஸ்டி மீளவே இல்லை. அது டொலர் இருப்பில் அல்ல, பிரதானமாக ஒரு கணக்கு விதியில்தான் தங்கியிருந்தது. இரண்டுக்கும் பெயர் ஸ்டேபிள்தான்!

வியாபாரிக்கு இதில் நன்மை இல்லாமலில்லை. கடனட்டையில் வாங்கியவர், பொருள் வரவில்லை என்று தன் வங்கியிடம் முறையிட்டு, மாதங்கள் கழிந்த பின்னும் காசைத் திருப்பி எடுக்கலாம். கொயினில் அது முடியாது. ஆனால் உங்கள் தவறையும் அது மன்னிக்காது. யுஎஸ்டிடி பல வலையமைப்புகளில் ஓடுகிறது. எதீரியத்தின் முகவரியும் பிஎன்பி செயினின் முகவரியும் பார்வைக்கு ஒன்றே, ஒன்றில் அனுப்பியதை மற்றதில் தேடி அலைபவர்கள் உண்டு. அதே பெயரில் போலிக் கொயினை யாரும் உருவாக்கலாம். எனவே வாங்குபவர் அனுப்பும் திரைப்படத்தை நம்பிப் பொருளைப் பொதி செய்யாதீர்கள். அந்தந்த வலையமைப்பின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பாருங்கள். இன்னொரு தந்திரம், உங்கள் வழமையான முகவரியைப் போன்றே முதலும் கடைசியும் எழுத்துக்கள் கொண்ட முகவரியிலிருந்து சில சதங்களை அனுப்பிவைப்பது. அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து முகவரியைப் பிரதி எடுத்தீர்களானால் காசு அவனுக்குப் போகும்.

இவை எல்லாம் கவனத்தால் தவிர்க்கக் கூடியவை. நமக்கு உண்மையான சிக்கல் கொயின் ரூபாவாகும் இடத்தில்தான். நமது மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களுக்கு விடுத்த அறிவித்தல்களில், மெய்நிகர் நாணயங்கள் இங்கு சட்டமுறை நாணயமல்ல, அவற்றை மாற்றித்தர எவருக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று கூறியிருக்கிறது. ஏற்றுமதிப் பணம் 180 நாட்களுக்குள் நாட்டுக்குள் வந்துசேர வேண்டுமென 2021இல் விதிக்கப்பட்டது. 5,000 டொலர் பெறுமதியான கல்லை மாணிக்கக்கல் அதிகார சபையும் சுங்கமும் பார்த்து அனுப்பிய பின், அந்த 5,000 டொலர் வங்கியில் எங்கே என்று கேட்டால், கைத்தொலைபேசியைத் திறந்து காட்டுவதா?

அப்போது கொயினைத் தனியாள் ஒருவரிடம் விற்று ரூபாவாக்கிக்கொள்வதுதான் பலர் சொல்லும் வழி. உண்டியல் முறை தெரிந்த நமக்கு இது புதிதல்ல. முகம் தெரியாத ஒருவர் உங்கள் கணக்கில் ரூபாவைப் போடுவார். அது யாரையாவது ஏமாற்றிய பணமென்றால் பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குச் சொந்தக்காரரான உங்களைத்தான். கொயினே களவுப் பணமென்றால் டெதர் கம்பனி உங்கள் முகவரியை முடக்கிவிடலாம், அந்த அதிகாரம் அதற்கு உண்டு. விற்காமல் வைத்திருந்தால் இலாபம் தருவோம் என்று சில தளங்கள் அழைக்கும். அது வட்டிதான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வெளிநாடுகளில் ஒழுங்காகச் செய்பவர்கள் கொயினைக் கையாலேயே தொடுவதில்லை. ஸ்ட்ரைப் நிறுவனம் 2024 ஒக்டோபரில் அமெரிக்க வியாபாரிகளுக்குத் தொடங்கிய முறையில், வாங்குபவர் யுஎஸ்டிசி செலுத்துகிறார், 1.5 வீதம் கழிந்து வியாபாரிக்கு டொலராகவே கணக்கு வைக்கப்படுகிறது. அத்தகைய நாடொன்றில் முறையாகப் பதிந்த கம்பனி உள்ளவர்களுக்கு அது பொருந்தும்.

இங்கிருந்தே விற்பவர்கள் வாங்குபவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கொயினை உங்கள் நாட்டிலேயே விற்று, டொலரை வங்கி மூலம் அனுப்புங்கள், அனுப்பும் கட்டணத்தை நான் விலையில் கழித்துவிடுகிறேன்." உண்மையான வாடிக்கையாளர் பெரும்பாலும் சம்மதிப்பார். கட்டணத்தையே நீங்கள் ஏற்றும் அவர் மறுத்தால், வங்கிப் பக்கம் வர அவர் ஏன் தயங்குகிறார் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை கல் பெட்டியிலேயே இருக்கட்டும்.