குஞ்சு வாங்கும் முன்: பெட்டையா, சேவலா, எந்த ரகம்?



உள்கடன் எடுத்துக் கோழி வளர்க்கும் உறுப்பினர்கள் அநேகமாக எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். கடன் மனுவில் "50 குஞ்சு வாங்கி முட்டை விற்று அடைப்பேன்" என்று எழுதுகிறோம். ஆனால் 50-ம் முட்டை இடாது. பொரியும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல்தான்.

வண்டியில் கொண்டுவருபவர் "எல்லாம் பொட்டைக்குஞ்சுதான்க்கா" என்பார். நாட்டுக்கோழிக் குஞ்சை ஒரு நாள் வயதில் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. ஆசனவாயை விரித்துப் பார்த்துப் பிரிக்கும் முறை ஜப்பானில் 1920-களில் கண்டறியப்பட்டது. அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். தெரியாமல் அழுத்தினால் குஞ்சு செத்துப்போகும். வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். இறக்கையை விரித்து, இரண்டு வரிசைச் சிறகில் ஒன்று நீளமாக இருந்தால் பெட்டை என்பது அதற்கென்றே இணை சேர்த்த பண்ணை ரகங்களுக்கு மட்டும் பொருந்தும். அதுவும் பொரித்த ஓரிரு நாளுக்குள்தான். நம்ம வீட்டுக் கோழிக்கு அது எடுபடாது.

நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதும், தலைகீழாகப் பிடித்தால் உதைப்பது சேவல் என்பதும் வெறும் பேச்சு. கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழியின் கருமுட்டையைப் பொறுத்தது. மனிதரில் அது தகப்பனின் உயிரணுவைப் பொறுத்தது. பெண் குழந்தை பிறந்தால் மருமகளைத் திட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்!

தெருவில் சாயம் பூசி மலிவாக விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்த சேவல்கள். முட்டையும் இடாது, கறியும் சீக்கிரம் பிடிக்காது.

அப்போ எப்போதான் தெரியும்? 6 முதல் 8 வாரத்தில் சேவலின் கொண்டையும் தாடியும் பெரிதாகிச் சிவக்கும், கால் தடிக்கும். அசிலுக்குக் கொண்டை சிறியது என்பதால் 3 மாதம்வரை பொறுங்கள். கழுத்திலும் முதுகின் பின்பக்கத்திலும் இறகு கூராக நீண்டால் சேவல், நுனி உருண்டிருந்தால் பெட்டை. நாலைந்து வாரம் வளர்ந்த குஞ்சு விலை கூடத்தான். ஆனாலும் புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதுவே நல்லது, சாவும் குறையும்.

ரகமும் அப்படித்தான். மொட்டைக்கழுத்துக் கோழியைக் குஞ்சிலேயே கண்டுகொள்ளலாம், கழுத்தில் மயிர் இருக்காது. மற்றவற்றை நிறத்தை வைத்து நம்ப முடியாது. மத்தியப் பிரதேசம் ஜாபுவாவின் கடக்நாத் கருங்கோழிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்புக் குஞ்செல்லாம் கடக்நாத் ஆகிவிடாது. மயிரை விலக்கித் தோலைப் பாருங்கள். தோல், அலகு, கால் எல்லாம் கருத்திருக்க வேண்டும். கலப்புக் குஞ்சும் அப்படி இருக்கக்கூடும், அதனால் தாய்க்கோழிகளை நேரில் பார்ப்பதுதான் சரி. வனராஜா, கிராமப்பிரியா போன்ற ஐதராபாத் ஆராய்ச்சி ரகங்கள் நாட்டுக்கோழி மாதிரியே தெரியும். அவை பொதுவாக அடைக்கு உட்காராது. வீட்டிலேயே குஞ்சு பொரிக்க நினைப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடன் மனு எழுதும்போது 50 குஞ்சில் 25 பெட்டை என்று வைத்து, சாவையும் கழித்துக்கொள்ளுங்கள். நாட்டுப்பெட்டை முட்டையிட 6 மாதத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் நாலைந்து மாதத்தில் விற்கும் சேவல் பணம்தான் முதலில் கைக்கு வரும். தவணை எந்த மாதம் தொடங்க வேண்டும் என்பதைக் குழுக் கூட்டத்தில் அதை வைத்தே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.