ஆற்றில் இறங்கி அளந்து பார்

அன்புள்ள யாழினி,

சென்சாரும் கணினியும் தாமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது பக்கத்தில் ஆள் எதற்கு என்று கேட்டிருந்தாய். கணினிப் பொறியியல் படிக்கிற பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஒகேனக்கல்லை வைத்தே சொல்கிறேன்.

'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி' என்று செய்தி வருகிறதே, அதற்கான அளவு மேலே பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையத்தில் எடுக்கப்படுகிறது. பரிசலை நிறுத்துவதும் அருவியில் குளிக்கத் தடை போடுவதும் நீர்வரத்தைப் பார்த்துத்தான். 2018 பிப்ரவரி 16 காவிரித் தீர்ப்பில், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சிக்கும் பிலிகுண்டுலுவே அளவிடம்.

ஆற்று மட்டத்தைப் பார்க்கும் தானியங்கிக் கருவிக்குத் தெரிவது உயரம் மட்டும். இத்தனை மீட்டர் நின்றால் இத்தனை கன அடி ஓடுகிறது என்பது முன்பே அளந்து போட்டுவைத்த அட்டவணையிலிருந்து வருவது. ஆறு சும்மா இருக்குமா? ஒரு வெள்ளம் மணலை அரித்துக்கொண்டு போகும், இன்னொன்று கொண்டுவந்து கொட்டும். படுகை மாறிவிட்டால் அதே உயரத்தில் ஓடுகிற தண்ணீர் வேறு. சென்சாரில் பழுதில்லை, கணக்கில் பிழையில்லை, விடை மட்டும் தப்பு! அதனால்தான் குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்த்து, நீரோட்டத்தில் சுழலும் மீட்டரை உள்ளே இறக்கி, வேகத்தை ஆட்களே அளந்து அட்டவணையைத் திருத்துகிறார்கள். அடுத்த வெள்ளம் வடிந்ததும் மறுபடியும் அதே வேலை.

அப்படிச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் டாம் சாக் மின் நிலையத்தில், மலையுச்சி நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தானியங்கி அமைப்பே முடிவு செய்தது. சென்சார்களைத் தாங்கிய குழாய்கள் பிடிப்பு விட்டு வளைந்ததால் மட்டம் குறைவாகவே காட்டியது. அவசரத்துக்கு வைத்த சென்சார்களோ கரையின் தாழ்ந்த பகுதியைவிட உயரத்தில் இருந்தன. 2005 டிசம்பர் 14 விடியற்காலையில் நீர் வழிந்து கரை உடைந்தது. 400 கோடி லிட்டருக்கு மேல் அரை மணி நேரத்துக்குள் மலையிறங்கியது. உயிர்ப்பலி இல்லாமல் போனது பெரும் பாக்கியம். குழாய் தளர்ந்தது சில வாரங்களுக்கு முன்பே தெரிந்திருந்தும், மென்பொருளில் எண்ணைக் கூட்டிக் குறைத்துவிட்டு ஓட்டினார்கள் என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

குடிநீரிலும் இதே கவலைதான். நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு எத்தனை பேரின் பல்லைக் காவியாக்கி எலும்பை வளைத்தது என்று உனக்குத் தெரியும். அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. அதை அளக்கும் கருவி தவறினால் குடிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

நாளை நீ எழுதும் நிரல் ஒரு பம்பையோ மதகையோ ஓட்டலாம். அது காட்டும் எண்ணை, அதைச் சாராத வேறு வழியில் அளந்து பார்க்க ஆளையும் நாளையும் குறிக்காமல் அந்த நிரலை யாரிடமும் ஒப்படைக்காதே.

அன்புடன்,
மாமா