பெட்டியில் பூச்சி இருக்கிறது, சீட்டு இருக்கிறதா?

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் பக்கத்தில் இருக்கும் செண்பகனூர் அருங்காட்சியகம் போயிருந்தோம். கண்ணாடிக்குள் குத்தி வைத்திருந்த வண்ணத்துப்பூச்சிகளை விட்டு என் மகன் நகரவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், "இந்த மாதிரிப் பெட்டி நம்ம பரண்மேலேயே ரெண்டு கிடக்குதே" என்றார். இறக்கிப் பார்த்தோம். காலமான என் மாமனார் கொடைக்கானலில் வேலை பார்த்தபோது சேர்த்தவையாம். நாற்பது பூச்சிகள் வரை இருக்கும். சிலவற்றின் அடியில் ஊசியில் கோத்த பொடிச் சீட்டு இருக்கிறது, "ஷெம்ப., அக். 62" என்பது போல ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. சில உடைந்து, கீழே பழுப்புத் தூள் கொட்டிக் கிடக்கிறது. பளபளவென்று நீலமாக ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்றை எங்கள் பக்கம் பார்த்ததே இல்லை. இவற்றின் பெயர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படிக் காப்பாற்றுவது? ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் வலை வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கிறான், வாங்கித் தரலாமா? தெரிந்தவர் ஒருவர் பெட்டியை நல்ல விலைக்குக் கேட்கிறார்.
- ஒரு வாசகி, வத்தலக்குண்டு

பதில்: அம்மா, எதைச் செய்தாலும் அந்தச் சீட்டுகளைப் பூச்சியிலிருந்து பிரித்துவிடாதீர்கள். பெட்டியைத் துடைக்கிறேன், அழகாக அடுக்குகிறேன் என்று யாராவது சீட்டுகளை உருவி ஒரு கவரில் போட்டு வைத்தால், அதோடு உங்கள் மாமனாரின் உழைப்பு போயிற்று. எந்த இடம், எந்தத் தேதி, யார் பிடித்தது என்ற மூன்றும் இருந்தால் இறக்கை கிழிந்த பூச்சியும் ஆவணம்தான். அவை இல்லாவிட்டால் எவ்வளவு அழகான பூச்சியும் சுவரில் மாட்டும் அலங்காரத்தோடு சரி.

இதற்கு உங்கள் பழனி மலையிலேயே நல்ல சான்று இருக்கிறது. செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியைச் சேசு சபையார் 1895-இல் தொடங்கினார்கள். குருமாணவர்கள் படிக்க வந்த இடம். ஆனால் அங்கிருந்த குருக்கள் பலருக்கு மலையும் ஒரு பாடப்புத்தகமாக இருந்தது. அங்லாத் என்பவர் பழனி மலையின் கல்திட்டைகளை ஆராய்ந்தார்; நியூட்டனோடு சேர்ந்து அவர் எழுதிய நூலை 1928-இல் தொல்லியல் துறை வெளியிட்டது. ஃபோரோ பாசிகளைத் தேடி அலைந்தார். பின்னாளில் அதே சபையைச் சேர்ந்த கே.எம். மாத்யூ பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலை 1999-இல் கொண்டுவந்தார். நீங்கள் பார்த்த அருங்காட்சியகம் இந்த மரபில் வளர்ந்தது.

வண்ணத்துப்பூச்சிக் கதை கல்லூரிக்கும் சில ஆண்டுகள் முந்தியது. சேசு சபையாரின் மதுரை மிஷனில் இருந்த காஸ்டெட்ஸ் என்ற குரு, பூச்சிகளைப் பிரான்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே ரென் நகரத்தில் அச்சகம் நடத்திய குடும்பத்தில் பிறந்த ஒபெர்த்தூர் என்பவருக்கு உலகெங்கும் இருந்த மிஷனரிகள்தான் கண்ணும் வலையும். பழனி மலையில் பறக்கும் ஓர் ஆரஞ்சு நிறப் பூச்சிக்கு அவர் காஸ்டெட்ஸின் பெயரையே வைத்தார். ஆர்ஜின்னிஸ் காஸ்டெட்சி என்று அறிவியலிலும், பழனி ஃப்ரிட்டிலரி என்று பேச்சிலும் சொல்கிறோம். வட இந்தியாவில் பறக்கும் இனத்தின் துணையினமா, தனி இனமா என்று இன்றும் ஆளுக்கொரு கருத்து. ஒபெர்த்தூர் 1924-இல் இறந்தார். அவர் தொகுப்பில் பெரும்பகுதி லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. எங்கோ ஓர் இழுப்பறையில் கிடக்கும் பூச்சி எந்த மலையைச் சேர்ந்தது என்பதைச் சொல்ல அதன் ஊசியில் இருக்கும் துண்டுத் தாளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

உங்கள் பெட்டியில் ஆரஞ்சு மேல்புறத்தில் கரும்புள்ளிகள் இறைந்து, பின்னிறக்கையின் அடிப்புறத்தில் வெள்ளிப் பூச்சு தெரியும் பூச்சி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சீட்டை நன்றாகப் படம் எடுத்து வையுங்கள். பழனி ஃப்ரிட்டிலரியின் புழு வயலட் இனச் செடிகளைத் தின்று வளர்வது. புல்வெளி இருந்தால்தான் அதற்கு வாழ்வு. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு மலைப்புல்வெளி, வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1962-இல் செண்பகனூர்ப் பக்கம் என்ன பறந்தது என்ற தகவலுக்கு இதனால்தான் மதிப்பு.

இனி பெயர் கண்டுபிடிக்கும் வேலை. நிறத்தை மட்டும் நம்பி இறங்கினால் ஏமாந்து போவோம். எல்லோரும் விழும் குழி ஒன்றைச் சொல்கிறேன். கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் முட்டையிடுகிற கறிவேப்பிலை அழகியில் பெண் பூச்சிகள் மூன்று வேடம் போடும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியைப் போலவும் மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். அந்த இரண்டு அழகிகளின் உடம்பிலும் நச்சுச் சத்து உண்டு, பறவை சீண்டாது. அவற்றைப் போல உடுத்திக்கொண்டால் இதற்கும் பாதுகாப்பு. இறக்கையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குழப்பம் தீராது. உடலைப் பாருங்கள். அசலுக்கு உடல் சிவப்பு, வேடதாரிக்குக் கறுப்பு. பழைய பெட்டிகளில் வயிற்றைப் புழு அரித்திருக்கும், அப்போது தலையிலும் மார்பின் பக்கவாட்டிலும் சிவப்பு மிச்சம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேட வேண்டும்.

அடுத்த சிக்கல், குத்தி விரித்த பூச்சியில் மேல்புறம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பழனி மலையின் பழுப்புப் பூச்சிகளுக்கு முகவரி அடிப்புறத்தில்தான் இருக்கிறது. பழனி ஃபோர்-ரிங், பழனி புஷ்பிரவுன் என்று இந்த மலையின் பேரிலேயே இரண்டு இருக்கின்றன. இரண்டையும் அவற்றின் உறவினங்களிலிருந்து பிரிக்க, பின்னிறக்கை அடியில் இருக்கும் கண்பொட்டுகளை எண்ணி, அவை நிற்கும் வரிசையைப் பார்க்க வேண்டும். பூச்சியைக் கழற்ற வேண்டாம், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை அடியில் சாய்த்துப் பிடித்தால் போதும். இந்தப் பழுப்புப் பூச்சிகளில் பலவற்றுக்கு மழைக்காலத்தில் கண்பொட்டு பெரிதாகவும் கோடையில் புள்ளி அளவாகவும் வரும். ஒரே இனத்தை இரண்டென்று எண்ணிக் குழம்பியவர்கள் பலர். இங்கேயும் கைகொடுப்பது சீட்டில் இருக்கும் மாதம்தான்.

புத்தகம் வேண்டுமென்றால் விண்டர்-பிளைத் 1957-இல் எழுதியது இன்றும் சலிக்காதது. பிங்காம் 1905-இலும் 1907-இலும் எழுதிய இரண்டு தொகுதிகள் நுணுக்கமானவை, வாசிக்கப் பொறுமை வேண்டும். தமிழ்ப் பெயர்கள் இப்போது அழகாக நிலைபெற்றுவருகின்றன: அழகி, வரியன், மறவன் என்று குடும்பம் குடும்பமாக. 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது தமிழ் மறவனைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மொத்தம் 330-க்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்து முடிக்க முடியாது. வாரத்துக்கு நாலு பூச்சி என்று உட்காருங்கள்.

அந்த நீலப் பூச்சி உள்ளங்கை அகலம் இருந்து, சாய்த்தால் நிறம் மாறுகிறது என்றால் அநேகமாக மார்ஃபோ. தென், மத்திய அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தது. சேகரிப்பாளர்கள் முன்பெல்லாம் தபாலில் பூச்சி மாற்றிக்கொள்வது உண்டு, அந்த வழியில் வந்திருக்கலாம். அதன் நீலத்தில் சாயம் எதுவும் இல்லை. செதில்களின் மேலுள்ள மிக நுண்ணிய வரப்புகள் ஒளியைச் சிதறடிக்கும் முறையால் தோன்றுவது. அதனால்தான் பக்கத்திலிருக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் வெளிறிய பிறகும் அது மட்டும் புத்தம் புதிதாக மின்னுகிறது. நம் மலையின் பெரிய நீலக்காரர் நீல அழகி. கறுப்பு இறக்கையில் வெளிர்நீலத் திட்டு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழப்பமே வராது.

கீழே கொட்டிய பழுப்புத் தூள் கவலைக்குரிய விஷயம். தோல், ரோமம், உலர்ந்த பூச்சி எல்லாம் தின்னும் சிறு வண்டின் புழு உள்ளே இருக்கிறது, அல்லது இருந்திருக்கிறது. ரோமம் முளைத்த உரித்த தோல்கள் அகப்பட்டால் அதுதான். பெட்டியைக் காற்றுப் புகாதபடி பாலித்தீன் உறை இரண்டில் சுற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிட வேண்டாம். ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்து அறைச் சூட்டுக்கு வரட்டும். அவசரப்பட்டால் ஈரம் படிந்து பூஞ்சை வரும். பெட்டி ஃப்ரீசருக்குள் நுழையாவிட்டால் இன்னொரு சின்னப் பெட்டிக்கு ஊசியோடும் சீட்டோடும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஊசியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அது பித்தளை ஊசி, பூச்சியின் கொழுப்போடு வினைபுரிந்திருக்கிறது. அதைப் பிடுங்க முயலாதீர்கள், மார்பு பிளந்துவிடும். பாச்சா உருண்டையைப் பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிரியம் இல்லை. அதன் நெடி வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லதல்ல, அடியில் தெர்மோகோல் இருந்தால் அதையும் கெடுக்கும். இறுக்கமான மூடி, வெயில் படாத அலமாரி, மலைக்காற்றின் ஈரத்துக்கு ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் போதும். இறக்கையைத் துணியாலோ விரலாலோ தொடவே வேண்டாம், நிறம் என்று நாம் பார்ப்பது செதில், அது கையோடு வந்துவிடும்.

விலைக்குக் கேட்பவரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகளும் ஏராளம். தெருமுனையில் பறக்கிற சிவப்புடல் அழகியே நெடுங்காலம் முதல் அட்டவணையில் இருந்தது என்றால் நம்புவீர்களா? அரிதாகத் தெரிவதுதான் பாதுகாக்கப்பட்டது என்று நினைத்தால் தவறாகிவிடும். 2022-இல் திருத்தம் வந்து அட்டவணைகளை மாற்றி அமைத்து, அபராதத்தையும் கூட்டியிருக்கிறார்கள். கையில் இருக்கும் பழைய வன உயிரினப் பொருள்களைத் தெரிவித்துக்கொள்ள 2003-இல் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் அப்போது யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே பெட்டியைப் படம் எடுத்து, இன்னாருடையது, இந்த நிலையில் கண்டெடுத்தோம் என்று எழுதி மாவட்ட வன அலுவலரிடம் கொடுத்து, ஆலோசனை கேளுங்கள். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பாதீர்கள். பிறகு அருங்காட்சியகத்துக்கோ கல்லூரித் தொகுப்புக்கோ கொடுப்பதாக இருந்தால் அனுமதியோடு கொடுக்கலாம். அதுதான் அந்தச் சீட்டுகளுக்குப் பொருத்தமான வீடு என்பது என் அபிப்பிராயம்.

மகனுக்கு வலை வேண்டாம். சட்டத்தின் கண்ணில் பிடிப்பதும் வேட்டைதான். பறக்கும் பூச்சி அட்டவணையில் இருக்கிறதா என்று பிடித்த பிறகுதானே தெரியும்! கொடைக்கானல் மலைக் காட்டில் பெரிய பகுதி 2013-இல் சரணாலயமாகிவிட்டது, அதற்குள் எதையும் எடுக்க முடியாது. படித்தவர்களும் இதில் சிக்குகிறார்கள்: 2008-இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலீலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சி சேகரித்த இரண்டு செக் நாட்டவர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு அபராதத்தோடு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆராய்ச்சிக்குச் சேகரிப்பவர்களுக்கு முறையான அனுமதி உண்டு. அது பள்ளி மாணவனுக்குக் கிடைப்பதல்ல.

அதற்காக ஆசையைக் கொல்ல வேண்டாம். வலைக்குப் பதில் கேமரா, அல்லது நல்ல போன். மழைக்குப் பிந்திய வெயில் நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஈரமண் இருக்கும் ஓடையோரம் போய் நின்றால் ஆண் பூச்சிகள் உப்புக்காகக் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். அப்போது அருகில் போனாலும் பறக்காது. மேலே ஒரு படம், இறக்கை மூடியிருக்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் என்று எடுக்கட்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் பெயரும் கிடைக்கும், இடமும் தேதியும் தானாகப் பதிவாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்கிலிருந்து மேற்கு மலைகளை நோக்கி வரியன்களும் கருப்பன்களும் கூட்டங்கூட்டமாக நகரும். உங்கள் ஊர் மலையடிவாரம் என்பதால் அவன் மொட்டைமாடியிலிருந்தே அதைக் கண்டு எழுதி வைக்க முடியும்.

வீட்டில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருக்கிறதா? இலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பதைத் தட்டிவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். அது எலுமிச்சை அழகியின் இளம் புழுவாக இருக்கலாம். வளர்ந்தால் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொம்பு நீட்டி நாற்றம் விடும், பிறகு இடுப்பில் நூல் கட்டிக் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பறப்பது வரை மூன்று நான்கு வாரம்தான். கூட்டிலிருந்து எல்லா முறையும் அழகிதான் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில சமயம் பொடிக் குளவிகள் புறப்பட்டு வரும். தம்பி அழுதாலும் பரவாயில்லை, அதையும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.