கிரீட் தீவில் தானுந்துப் பயணம்

நுழையும்முன்

பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் பார்த்த இடங்களைப் பேசும். பார்க்கச் சென்ற வழியைப் பேசுவது குறைவு. அயல்நாட்டுத் தீவொன்றில் வாடகை மகிழுந்தை எடுத்து ஓட்டுபவர், கடற்கரையைக் காண்பதற்கு முன் ஒப்பந்தத் தாளையும் சாலை விதியையும் மலை வளைவையும் சந்திக்கிறார். அவற்றைச் சரியாகப் படித்தறிவதில் பொருளும் உயிரும் அடங்கியிருக்கின்றன. கிரேக்க நாட்டின் மிகப்பெரிய தீவாகிய கிரீட்டை முன்வைத்து இதனை விளக்குகிறது இப்பாடம்.

தீவின் அமைப்பு

நடுநிலக்கடலில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது கிரீட். அதன் நீளம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அகலமோ மிகுதியான இடத்தில் 60 கிலோமீட்டர். குறுகிய இடத்தில் 12 கிலோமீட்டர் மட்டுமே. நிலப்படத்தைப் பார்ப்பவர், காலையில் வடகரையில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் தென்கரையை அடைந்துவிடலாம் என்று எண்ணுவார். இடையில் மலைத்தொடர் நிற்பதை நிலப்படம் உரக்கச் சொல்வதில்லை. நடுவே உள்ள பிசிலோரிட்டிஸ் மலையின் உயரம் 2,456 மீட்டர். மேற்கே உள்ள வெண்மலைத் தொடரின் உச்சி அதைவிட மூன்று மீட்டரே தாழ்ந்தது. வெண்மலையின் தெற்குச் சரிவு கடலுக்குள் செங்குத்தாக இறங்குவதால், அக்கரையில் தொடர்ச்சியான சாலை அமைக்க இயலவில்லை.

இராக்லியோ, ரெதிம்னோ, ஹானியா ஆகிய நகரங்கள் வடகரையில் உள்ளன. அவற்றை இணைக்கும் பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. இராக்லியோவிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நொசோஸ் அரண்மனைக்கு நகரப் பேருந்திலேயே சென்றுவிடலாம். 1900ஆம் ஆண்டில் ஆர்தர் எவான்சு அகழத் தொடங்கிய இவ்விடத்தில், ஐரோப்பாவின் மிகப் பழைய பாவிய சாலைகளுள் ஒன்று இன்றும் காணக் கிடைக்கிறது. எனவே வடகரை நகரங்களை மட்டும் காண வருபவருக்கு மகிழுந்து வேண்டுவதில்லை. நிறுத்த இடம் தேடி அலையும் தொல்லையே மிஞ்சும். மலைச் சிற்றூர்களையும் தென்கரையையும் காண விரும்புபவருக்கே அது தேவைப்படுகிறது.

உரிமமும் ஒப்பந்தமும்

இந்தியாவில் பதினெட்டு வயது நிறைந்தவர் மகிழுந்து ஓட்ட உரிமம் பெறலாம். ஆனால், வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் இருபத்தொன்று அல்லது அதற்கு மேற்பட்ட வயதையும், உரிமம் பெற்று ஓராண்டேனும் கழிந்திருப்பதையும் எதிர்பார்க்கின்றன. இந்திய உரிமம் உடையவர் கிரேக்கத்தில் ஓட்டுவதற்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் அடிப்படையில் வழங்கப்படும் இவ்வனுமதியை, பயணத்திற்கு முன்பே நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஓராண்டுக் காலம் இது செல்லும். மூல உரிமத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் இதற்கு மதிப்பு. வானூர்தி நிலையத்தில் இறங்கிய பின்னர் இதனை நினைத்து வருந்துவதால் பயனில்லை.

அடுத்து வருவது ஒப்பந்தம். விளம்பரத்தில் காணும் நாள் வாடகை, கண்ணைக் கவரும் வகையில் குறைவாக இருக்கும். உண்மையான விலை காப்பீட்டுப் பகுதியில் ஒளிந்திருக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மோதல் சேதக் காப்பீடு சேர்க்கப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் எல்லாச் சேதத்தையும் நிறுவனமே ஏற்கும் என்று பலர் கருதிவிடுகின்றனர். அக்காப்பீட்டிற்கு ஒரு வரம்பு உண்டு. சேதத்தின் முதல் பகுதி, அதாவது ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகை வரை, வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டதே காப்பீட்டின் பொறுப்பு. எடுத்துக்காட்டாக, அவ்வரம்பு 800 யூரோ எனவும் சேதம் 700 யூரோ எனவும் கொண்டால், காப்பீடு இருந்தும் முழுத்தொகையையும் எடுத்தவரே செலுத்த நேரும். இந்த வரம்புத் தொகையை அவருடைய கடன் அட்டையில் நிறுவனம் முன்கூட்டியே தடுத்து வைப்பதும் உண்டு. பற்று அட்டையை மட்டும் கொண்டுசென்றவர்கள் திரும்ப நேர்வது இதனால்தான்.

கூடுதல் தொகை செலுத்தி அந்த வரம்பை நீக்கிக்கொள்ள வழியுண்டு. அப்போதும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை சேருமா என்று கேட்டறிவது நன்று. விடுபடுவன பெரும்பாலும் இவைதாம். கற்சாலை நிறைந்த தீவில் முதலில் அடிபடுவனவும் இவையே! பாவப்படாத மண்சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்னும் விதி பல ஒப்பந்தங்களில் உள்ளது. தீவின் வடமேற்கு முனையிலுள்ள பாலோஸ் நீர்க்கழிமுகத்திற்குச் செல்லும் வழியில், கலிவியானி என்னும் சிற்றூரைக் கடந்ததும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மண்சாலை. நாள்தோறும் எத்தனையோ வாடகை வண்டிகள் அதில் புழுதி கிளப்பிச் செல்கின்றன. ஓட்டுபவர்களுள் எத்தனை பேர் தாம் காப்பீடின்றிச் செல்வதை அறிவர் என்பது ஐயமே. அதே இடத்திற்குக் கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகும் செல்கிறது.

இடமும் வலமும்

கிரேக்கத்தில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். இந்திய ஓட்டுநர் இடக்கையால் மாற்றிப் பழகிய கியரை வலக்கையால் மாற்ற வேண்டும். பெரும்பாலான இந்திய மகிழுந்துகளில் திருப்பக் குறிவிளக்கின் நெம்புகோல் வலப்புறம் இருக்கும், அங்கே இடப்புறம். ஆகவே, முதல் நாளில் திருப்பத்திற்குக் குறிகாட்ட முயல்பவரின் கை, மழையில்லாத வெயிலில் கண்ணாடித் துடைப்பானை இயக்கிவிடும். இது சிரித்து மறக்கத்தக்கது.

சிரிக்க இயலாத பிழைகளும் உண்டு. நெரிசல் மிகுந்த சாலையில் முன்செல்லும் வண்டியைப் பின்பற்றினால் போதும்; பக்கம் தவறாது. ஆபத்து வெற்றுச் சாலையில்தான் இருக்கிறது. விடியற்காலையில் பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளிவரும்போதும், சிற்றுண்டிச் சாலையில் சற்று இளைப்பாறிவிட்டு வண்டியைக் கிளப்பும்போதும், சாலையில் வேறு வண்டி இல்லையெனில் பழக்கம் கையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்துவிடும். சாலையின் நடுக்கோடு எப்போதும் ஓட்டுநர் அமர்ந்துள்ள பக்கத்தில், இடத்தோளுக்கு அருகில் இருத்தல் வேண்டும் என்னும் ஒரே அடையாளத்தை மனத்தில் கொண்டால் பெரும்பாலான தடுமாற்றங்கள் நீங்கும். நடந்து சாலையைக் கடப்பவரும் முதலில் இடப்பக்கம் பார்க்கப் பழக வேண்டும்.

மற்றொரு வேறுபாடு: எதிரே வருபவர் முகப்பு விளக்கை மின்னச் செய்தால், ‘நீ போ’ என்று பொருள்கொள்ளும் நாடுகள் உள்ளன. கிரேக்கத்தில் அதற்கு ‘நான் வருகிறேன், நில்’ என்பது பொருள். நம் சாலைகளில் ஓட்டியவருக்கு இது புதிதன்று.

வடகரைச் சாலை

தீவின் மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் வடகரை நெடுஞ்சாலை, ஐரோப்பியச் சாலை வரிசையில் 75ஆம் எண்ணைச் சேர்ந்தது. இராக்லியோவிலிருந்து ஹானியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் ஆகலாம். நெடுஞ்சாலை என்ற பெயரைக் கேட்டு நான்கு வழிச்சாலையை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். இதன் பெரும்பகுதியில் திசைக்கு ஒரு தடமே உள்ளது. நடுவில் தடுப்பு இல்லை. மெதுவாகச் செல்பவர் வலப்புறமுள்ள சாலையோரப் பட்டையில் பாதி ஒதுங்கி ஓட்ட, விரைபவர் அவரைக் கடந்து செல்வது இங்கு நிலைபெற்ற வழக்கம். விதிநூலில் இல்லாத இவ்வழக்கம் நாளடைவில் எழுதாத விதியாகிவிட்டது. ஒதுங்காதவரின் பின்னால் வண்டி நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆனால், வளைவுக்கு அப்பால் அதே பட்டையில் பழுதான வண்டி நிற்கலாம், மனிதர் நடந்துகொண்டிருக்கலாம். பார்வை எட்டாத இடத்தில் ஒதுங்காமல் செல்வதும், நேர்ச்சாலை வந்ததும் வழிவிடுவதும் அறிவுடைமை. பின்னால் வருபவரின் அவசரத்துக்காகத் தம் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் கடமையில்லை.

இச்சாலையோரங்களில், ஓர் ஆள் உயரத்திற்கும் குறைந்த சிறு கோயில்கள் கம்பத்தின்மேல் நிற்பதைக் காணலாம். தகரத்தாலோ சுண்ணத்தாலோ ஆன அவற்றின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே ஒரு புனிதரின் படமும் எண்ணெய் விளக்கும் இருக்கும். சில அருகிலுள்ள தேவாலயத்தைக் குறிப்பன. பல, விபத்தில் இறந்தவருக்காக உறவினர் எழுப்பியவை. உயிர்பிழைத்தவர் நன்றிக்காக வைத்தவையும் உண்டு. சிலவற்றில் இளைஞர் ஒருவரின் ஒளிப்படம் இருக்கும். வளைவுகளில் அவை இரண்டு மூன்றாக நிற்பதைக் கண்டால், எச்சரிக்கைப் பலகை இல்லாமலேயே அவ்வளைவின் இயல்பு விளங்கிவிடுகிறது. கிரேக்க நாட்டில் 2000ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். இருபது ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை 600 அளவிற்குக் குறைந்தது. சாலைகள் திருந்தின, வண்டிகளின் பாதுகாப்பு வளர்ந்தது, பொருளாதார நெருக்கடியால் ஓட்டமும் குறைந்தது. எனினும், கோயில்களில் இன்றும் எண்ணெய் ஊற்றப்படுகிறது.

தெரியுமா?

மகிழுந்தைக் கிரேக்கர் ‘அஃப்தோகினிதோ’ என்பர். ‘அஃப்தோ’ என்பது ‘தான்’ எனவும் ‘கினிதோ’ என்பது ‘இயங்குவது’ எனவும் பொருள்படும். தமிழில் ஆக்கப்பட்ட ‘தானுந்து’ என்னும் சொல்லின் அமைப்பும் இதுவே.

பெயர்ப் பலகைகள்

சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர் கிரேக்க எழுத்திலும் உரோமன் எழுத்திலும் இருக்கும். இடர்ப்பாடு எழுத்துப்பெயர்ப்பில் எழுகிறது. ஹானியா என்னும் ஊரின் முதலெழுத்து, தொண்டையின் அடியில் உரசிப் பிறக்கும் ஒலியுடையது. அதனை உரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதுகின்றனர். நிலப்படத்தில் ஒன்று, பலகையில் ஒன்று, பயணச்சீட்டில் ஒன்று என அமைந்தால் அயலார் மூன்று ஊர்கள் என மயங்குவர். ‘சானியா’ என்று படித்து வழி கேட்பவரும் உளர். ஆங்கில நூல்களில் ‘ஹெராக்லியன்’ என வழங்கும் தலைநகரம் பலகையில் ‘இராக்லியோ’ என இருக்கும். ரகரத்தை முதலாகக் கொண்ட அயற்சொல்லுக்கு முன் இகரம் சேர்க்கும் தமிழ் மரபை இது நினைவூட்டும். ஆனால், இங்குள்ள இகரம் கிரேக்கச் சொல்லிலேயே உள்ளது.

மலைப் பகுதிகளில் சில பலகைகளைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்திருக்கும். பயணியரை நோக்கிய பகை அதிலில்லை. துப்பாக்கி வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதும் மலைவாழ் மக்களின் பழக்கம் அது. துளை விழுந்த பலகையில் ஊர்ப்பெயரைப் படிப்பதுதான் கடினம்.

தெற்கு நோக்கி

ஹானியாவிலிருந்து தென்கரையிலுள்ள ஹோரா ஸ்ஃபாகியோன் ஊருக்கு எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. ஒன்றரை மணி நேரத்திற்குக் குறையாது. இம்ப்ரோஸ் என்னும் சிற்றூரைக் கடந்ததும் திடீரென லிபியக் கடல் கண்முன் விரியும். சாலை கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து இறங்கும். காட்சி ஓட்டுநருக்கு உரியதன்று. உடன் வருபவருக்கு உரியது. இறங்கும்போது நிறுத்தியை இடைவிடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறுவதற்குரிய தாழ்ந்த கியரிலேயே இறங்கினால் பொறியே வண்டியை அடக்கும். வளைவின் நடுவில் ஆடுகள் படுத்திருப்பது இங்கே அன்றாட நிகழ்ச்சி. கோடை முழுவதும் வழவழப்பாகிப் புழுதி படிந்த சாலையில் முதல் மழை விழும் நாள் மிகவும் ஆபத்தானது. சிறு தூறலிலும் டயர்கள் வழுக்கும். மலையூர்களில் பெட்ரோல் நிலையங்கள் அரியவை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவை மூடியிருக்கலாம் என்பதால் வடகரையிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

அப்பகுதியில் அரதேனா பள்ளத்தாக்கின்மேல் 138 மீட்டர் உயரத்தில் இரும்புப் பாலம் ஒன்று உள்ளது. 1986ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இதன் தளம் மரப்பலகைகளால் ஆனது. வண்டி கடக்கும்போது பலகைகள் ஒவ்வொன்றாய் அதிர்ந்து எழுப்பும் ஓசை பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். பாலம் வருமுன் மறுகரையை அடைய, மக்களும் கழுதைகளும் கற்பாதையில் பள்ளத்தின் அடிவரை இறங்கி மீண்டும் ஏறினர். பாலத்தருகே உள்ள பழைய ஊர், குடும்பங்களுக்கிடையே மூண்ட பகையால் மக்கள் வெளியேற, பாழடைந்து கிடக்கிறது. சாலை வந்தபோது ஊரில் ஆள் இல்லை.

தானுந்து செல்லாத இடங்களும் இத்தீவில் உள்ளன. லூத்ரோ என்னும் கடலோரச் சிற்றூருக்குப் படகிலோ நடந்தோ மட்டுமே செல்லலாம். 16 கிலோமீட்டர் நீளமுள்ள சமாரியா மலையிடுக்கை நடந்து கடப்பவர் ஆகியா ரூமேலி என்னும் ஊரில் கடலை அடைவர். அங்கும் வெளியூர்ச் சாலை இல்லை. மேலே ஒமாலோஸ் சமவெளியில் மகிழுந்தை நிறுத்திவிட்டு இறங்கியவர், படகேறி வேறோர் ஊரை அடைந்து, பேருந்தைப் பிடித்து, மலையைச் சுற்றித்தான் வண்டியிடம் திரும்ப வேண்டும். அன்று ஒரு நாள் பேருந்தில் வருவதே எளிது.

திருப்பிக் கொடுத்தல்

விபத்து நேர்ந்தால் ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான 112 என்னும் எண்ணை அழைக்கலாம். காயம் இல்லாத சிறு மோதலாயினும் நிறுவனத்திற்கு உடனே தெரிவிப்பதும், ஒப்பந்தம் கேட்டால் காவல்துறை அறிக்கை பெறுவதும் இன்றியமையாதவை. அறிக்கை இல்லையெனில் காப்பீடு மறுக்கப்படலாம். மது அருந்தி ஓட்டியவருக்கு எந்தக் காப்பீடும் துணைநிற்காது.

வண்டியைப் பெறும்போதே அதன் நாற்புறத்தையும், சக்கர விளிம்புகளையும், எரிபொருள் அளவையும் ஒளிப்படம் எடுத்துவைத்தவர், திருப்பிக் கொடுக்கும் நாளில் பழைய கீறலுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நிறைந்த கலத்தோடு பெற்றால் நிறைத்தே கொடுக்க வேண்டும். அலுவலர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, சேதமில்லை என எழுதிக் கையொப்பமிட்ட தாளைப் பெறும்வரை சாவியைக் கொடுத்துவிட்டு நகர்தல் கூடாது. கடன் அட்டையில் தடுத்து வைத்த தொகை விடுபடச் சில நாள்கள் ஆகும். அதுவரை அத்தாளைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலுள்ள காப்பீட்டு ஆவணம் அல்லது வாடகை ஒப்பந்தம் ஒன்றைப் படித்து, அது எவற்றை ஏற்கவில்லை என்பதை எளிய தமிழில் எழுதுக.

நீங்கள் நாள்தோறும் செல்லும் சாலையில் விதிநூலில் இல்லாமல் வழக்கத்தில் உள்ள ஒரு பழக்கத்தைக் குறித்து, அதன் நன்மை தீமைகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.