கினிப் பன்றிக் குட்டிக்கு எது நல்ல தீனி?



செய்யாற்றங்கரையில் நெல் விளையும் நம் கலசப்பாக்கம் பகுதியில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆகவே கினிப் பன்றிக்குக் காய்ந்த புல் வேண்டும் என்றவுடன் நம் மனம் வைக்கோல் போரையே நாடுகிறது. ஆனால் வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. இந்த வேறுபாட்டை அறியாவிட்டால் குட்டி வயிறு நிறைந்தும் நலிந்து போகும்.

பெயரில் பன்றி என்றிருந்தாலும் இது அணிலைப் போலக் கொறிக்கும் பிராணியே. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதி இதன் தாயகம். தாய் வயிற்றில் ஏறக்குறைய 68 நாட்கள் வளரும் குட்டி, மயிரும் பற்களும் திறந்த கண்களுமாகப் பிறக்கிறது. ஓரிரு நாட்களிலேயே புல்லைக் கொறிக்கத் தொடங்கும். எனினும் சுமார் மூன்று வாரம் தாய்ப்பால் வேண்டும். இதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. நார் மிகுந்த புல்லை மென்றால்தான் அவை தேயும். குடலும் சீராக இயங்கும்.

உலர்புல்: கதிர் முற்றி நெல் உதிர்ந்த பின் எஞ்சும் தாளே வைக்கோல். அதில் சத்து மிகக் குறைவு, படுக்கைக்கு விரிக்கலாம். பச்சையாக இருக்கும்போதே அறுத்து உலர்த்திய புல்லே உணவாகும். அது இளம்பச்சை நிறமும் நல்ல மணமும் கொண்டிருக்க வேண்டும். தூசியோ பூஞ்சண வாடையோ இருந்தால் தள்ளிவிடுக. பூச்சிமருந்து பட்ட வரப்புப் புல்லையும் தவிர்க்கவும். குதிரைமசாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆதலால் வளரும் குட்டிக்குப் புல்லோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குப் பின் அதை நிறுத்திவிட்டு, புல்லை மட்டும் எந்நேரமும் வைக்க வேண்டும்.

குச்சித் தீவனம்: கடையில் முயல் தீவனத்தையே தருவார்கள்; ஏமாற வேண்டாம். முயல் தன் உடலிலேயே வைட்டமின் சி உண்டாக்கிக் கொள்ளும். கினிப் பன்றிக்கும் மனிதருக்கும் அந்த ஆற்றல் இல்லை. எனவே வைட்டமின் சி சேர்த்ததா என்று பார்த்து வாங்குக. தயாரித்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்துவது நன்று; நாளாக ஆக அச்சத்து அழியும். விதைகளும் கொட்டைகளும் கலந்த தீவனம் வேண்டாம்.

1907-ல் நார்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் தானியத்தை மட்டுமே கொடுத்து வளர்த்த கினிப் பன்றிகளுக்கு, கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் கண்டதை வெளியிட்டனர். நம் நீலகிரியிலும், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் இப்பிராணிகளைக் கொண்டு ஸ்கர்வியை ஆராய்ந்தார். 1918-ல் அவர் அங்கே ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

ஆகவே தினமும் சிறிது கொத்துமல்லித் தழையோ சிறு துண்டு கொய்யாவோ கொடுங்கள். குட்டி நடக்கத் தயங்கினால், மூட்டு வீங்கினால், உண்ண மறுத்தால், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயில்லாச் சீவன் தன் குறையைச் சொல்லாது. இரக்கம் மட்டும் இருந்தால் வைக்கோலைக் கொடுத்துவிட்டு மனநிறைவு அடைந்துவிடுவோம். அறிவும் சேர்ந்தால்தான் அதற்கு வேண்டியதைக் கொடுப்போம். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த சிற்றுயிரை அறிந்து பேணுவதே உண்மை அன்பு.