பல ஊருக்கு ஓர் அலுவலகம்

குழந்தை பிறந்தால் 21 நாள்களுக்குள் பதிவு செய்யவேண்டும். வீட்டு வரி கட்டவேண்டும். தெருவிளக்கு எரியாவிட்டால் முறையிடவேண்டும். கேரளத்துச் சிற்றூர்களில் இவற்றுக்கெல்லாம் மக்கள் நாடிச் செல்வது கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தையே. தமிழ்நாட்டில் இதனை ஊராட்சி என்பர்.

ஆனால், எல்லாப் பணிகளையும் ஓர் ஊராட்சி தனித்துச் செய்ய இயலாது. மருத்துவமனைக்கும் பொறியாளர்க்கும் ஒவ்வோர் ஊரும் தனித்தனியே செலவிட்டால், வரிப்பணம் முழுவதும் சம்பளத்திற்கே போய்விடும். எனவே, அண்டை ஊர்கள் சில பணிகளைப் பகிர்ந்துகொள்கின்றன.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊராட்சிகள் உள்ளன. கோயம்புத்தூர் மாவட்டத்தை ஒட்டிய இவ்வூர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. இவை சித்தூர் வட்டாரப் பஞ்சாயத்தில் அடங்கும். நம் ஊராட்சி ஒன்றியத்தைப் போன்றதே வட்டாரப் பஞ்சாயத்து. கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. அதனினும் பெரிய சமூக சுகாதார மையம் வட்டாரப் பஞ்சாயத்தின் பொறுப்பு. கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களும் வட்டாரப் பஞ்சாயத்தில் உறுப்பினர்களாக அமர்வதால், மிகச் சிறிய ஊரின் குரலும் அங்கே ஒலிக்கும்.

அயல்நாடுகளிலும் இம்முறை உண்டு. பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 35,000 உள்ளாட்சிகள் இருக்கின்றன; அவற்றுள் பல மிகச் சிறியவை. அவை ஒன்றுகூடிப் பணியாற்ற 1890ஆம் ஆண்டிலேயே அங்குச் சட்டம் இயற்றப்பட்டது.

பகிர்தல் எப்போதும் நன்மையே தருமா? இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடி இவ்வினாவை எழுப்புகிறது. மூணாற்றுக்கு அப்பால், அடர்ந்த காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் முதுவர் பழங்குடியினரின் குடிகளே இடமலைக்குடி. முதுவர் பேச்சு தமிழோடு நெருங்கியது. தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. மூணாறு ஊராட்சியில் ஒரு பகுதியாக இருந்த இக்குடிகள் 2010ஆம் ஆண்டு தனி ஊராட்சியாயின. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி இதுவே. ஆள்தொகை சில ஆயிரமே ஆயினும், தம் தேவைகளைத் தாமே முடிவுசெய்யும் உரிமை முதுவர்க்குக் கிடைத்தது.

உரிமை கிடைத்தது, அலுவலகமோ அருகில் வரவில்லை. காட்டுக்குள் முறையான சாலை இல்லாத நிலையில், அது பல ஆண்டுகள் தேவிகுளத்திலேயே இயங்கியது. ஒரு கையொப்பத்திற்காகக் காட்டுவழியைக் கடந்து, பெட்டிமுடி வந்து, அங்கிருந்து தேவிகுளம் செல்லவேண்டும். அதிகாரி அன்று இல்லையெனில், மீண்டும் அதே பயணம். கூலி வேலை செய்பவர்க்கு அந்நாளின் வருமானமும் இழப்பு. பதிவு தள்ளிப்போனால், பின்னர்ப் பள்ளியில் சேரும்போது அக்குழந்தையே இடர்ப்படும். எப்போதோ தேவைப்படும் பொறியாளர் தொலைவில் இருக்கலாம். அடிக்கடி தேவைப்படும் எழுத்தர் தொலைவில் இருத்தல் ஆகாது.

தொலைவைக் குறைக்க இன்று கணினி உதவுகிறது. ஊராட்சிச் சேவைகளை இணையவழி வழங்கும் கே-ஸ்மார்ட் என்னும் பொது அமைப்பு, 2024 சனவரியில் நகரங்களிலும் 2025 ஏப்ரலில் ஊராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே மென்பொருள் என்பதும் பகிர்தலே. ஆயினும், அலைபேசிச் சமிக்ஞை எட்டாத குடிக்கு அதனால் பயனில்லை.

மொழியும் ஒரு தொலைவுதான். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969), மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. மறுமொழியும் தமிழிலேயே வரவேண்டும். தேவிகுளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் விண்ணப்பம் எழுதும் முதியோர் சிலர் இவ்வுரிமையை அறியாதிருக்கலாம். பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகள் அவர்களுக்கு எழுதித் தரலாம்.

அருஞ்சொற்பொருள்
குடி – பழங்குடியினரின் சிற்றூர்
எழுத்தர் – அலுவலகப் பதிவுகளை எழுதுபவர்

பயிற்சி
1. இடமலைக்குடி தனி ஊராட்சியான பின்னும் மக்கள் ஏன் தேவிகுளம் செல்ல நேர்ந்தது?
2. நூலகம், குப்பை வண்டி, பிறப்புப் பதிவு – இவற்றுள் எவற்றை அண்டை ஊர்களோடு பகிரலாம்? காரணம் கூறுக.
3. தெருவிளக்கு வேண்டி, உம் தாத்தாவிற்காகத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுக.